மஸ்கட் கடிதம்: தாத்தாவின் காடு

ரஞ்சன்குடிப் பக்கத்தில் மானாவாரி நிலத்துக்குக் காடு என்று பெயர். தாத்தாவுக்குக் காடு இருக்கிறது என்று மஸ்கட்டில் மலையாளத்து அறைத்தோழரிடம் சொன்னால், யானை உண்டா என்று கேட்கிறார். உள்ளது கரிசல் மண்ணும், வரப்பில் சீமைக்கருவேலமும்தான்.

ரஞ்சன்குடி, பெரம்பலூருக்கு வடக்கே 17 கிலோமீட்டர். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் போகும்போதே கோட்டை கண்ணில் படும். ஆற்காட்டு நவாபின் ஜாகீர்தார் ஒருவர் 17ஆம் நூற்றாண்டில் கட்டியதாகச் சொல்வார்கள்; 1751இல் வாலிகண்டபுரத்தில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய போரோடு சேர்த்துப் பேசப்படுவது. விடுப்பில் வருகிறவர் அதற்குள் நுழைவது அபூர்வம். ஓமானின் நிஸ்வா கோட்டைக்குக் காசு கட்டி நுழைந்து ஐம்பது படம் அனுப்பிய பிறகுதான், ஊர்க் கோட்டையடியில் ஆடு மேய்த்து வளர்ந்த தாத்தா நினைவுக்கு வருகிறார்.

நிஸ்வாவில் வாய்பிளந்து பார்க்கப்படும் இன்னொன்று ஃபலஜ். மலையடி நீரை வாய்க்காலில் இறக்கி, பகலில் நிழலையும் இரவில் நட்சத்திரத்தையும் பார்த்து நேரம் அளந்து, பங்குக்காரர்களுக்குப் பிரித்து விடுவார்கள். 2006இல் யுனெஸ்கோ ஐந்து ஃபலஜ்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஊரில் இதுவே முறைத் தண்ணீர்: ஒரு கிணறு, நாலு பங்காளி, ஆளுக்கு ஒரு நாள். யுனெஸ்கோ இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. சர்வேயர் வந்துபோயிருக்கிறார், அதுவும் சண்டையை விலக்க.

தாத்தா வளர்ந்த காலத்தில் இரண்டு மாட்டைப் பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்தார்கள். பிறகு மோட்டார் வந்தது, மின்சாரமும் இலவசமானது. இப்போது கிணற்றில் கவலை இல்லை. கிணற்றைப் பற்றித்தான் கவலை.

ஓமானில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மதியம் 12.30 முதல் 3.30 வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாதென்று சட்டம் இருக்கிறது. தாத்தாவின் சட்டம் ஆண்டு முழுவதும் அமலில் இருந்தது, அமல்படுத்தியது புளியமரம்.

ரியால் சேர்த்து ஊரில் பத்து ஏக்கர் வாங்கிப் போடுவதாக மஸ்கட்டில் வெள்ளிக்கிழமைதோறும் பேச்சு நடக்கும். வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் விடுவதில்லை, வாரிசாகப் பெறலாம். ஆக, தாத்தா பார்த்துக் கொடுத்தால்தான் உண்டு. அதனால்தான் பேரன்கள் வந்திறங்கியதும் அவருடைய உடல்நலத்தை அத்தனை அன்பாக விசாரிப்பது.

தாத்தா காலத்துச் சோளமும் வரகும் போய், அதே மண்ணில் மக்காச்சோளம் நிற்கிறது. அது நாமக்கல் கோழிகளுக்குத் தீவனமாகிறது. நாமக்கல் முட்டை கப்பலேறி வளைகுடாவுக்கு வருகிறது. காலையில் அறையில் போடும் ஆம்லெட்டில் பெரம்பலூர் மழையும் கொஞ்சம் இருக்கக்கூடும்.

சின்ன வெங்காயத்துக்கு மட்டும் கப்பலை நம்பிப் பயனில்லை. இங்கே விலை கேட்டாலே கண்ணில் நீர் வருகிறது. அடுத்த விடுப்புக்கு வெங்காயப் பட்டறையிலிருந்து ஐந்து கிலோ எடுத்துவைத்தால் போதும், தாள் உரிக்காமல்.