கிளவ் பாக்ஸ் சுவடி: கார்ப் பராமரிப்பில் எழுத்து மரபும் வாய்மொழி மரபும்

1. சுவடியின் நிலை

காரின் ஆயுளைக் கூட்டும் வழிகளை முறைப்படி சொல்லும் நூலான கையேட்டுக்கு, கார் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் ஒரு படி உண்டு. அதைத் தேடி உ.வே.சா.வைப் போல ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை. கிளவ் பாக்ஸைத் திறந்து, காலாவதியான இன்ஷூரன்ஸ் தாள், ஆர்.சி. நகல், பழைய டோல்கேட் ரசீதுகள், திருச்செந்தூர் விபூதிப் பொட்டலம் ஆகிய படிவுகளை ஒவ்வொன்றாக அகற்றினால் அடியில் கிடைக்கும். செல்லரிக்கவில்லை, ஏடு முறியவில்லை. ஷோரூமில் போட்ட பாலித்தீன் உறைகூடக் கிழியவில்லை. வாசகர் கை படாததால் இவ்வளவு செம்மையாகப் பிழைத்த நூல் வேறில்லை என்று துணியலாம்.

நூலை எவரும் படிப்பதில்லை என்றால் கார்கள் எப்படி ஓடுகின்றன? வாய்மொழி மரபால். இம்மரபின் ஆசிரியர்கள் மூவர்: மெக்கானிக், ஓட்டுநராக இருந்து ஓய்வுபெற்ற மாமா, மைத்துனர். இவர்களுள் மைத்துனருக்குக் கார் கிடையாது. எனவே அவர் கருத்தில் மட்டும் ஐயத்துக்கே இடமில்லை.

2. பாடபேதங்கள்

அ) "காலையில அஞ்சு நிமிஷம் ஓட விட்டுட்டு அப்புறம் எடு." இது கார்புரேட்டர் காலப் பாடம். குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாத நாட்களில், சோக்கை இழுத்து இழுத்து அம்பாசடரை எழுப்பியவர்கள் அருளியது. அன்றைக்கு அது சரி. எரிபொருளைக் கணினியே அளந்து தெளிக்கும் இன்றைய எஞ்சினுக்கு அரை நிமிடம் போதும். பிறகு மெதுவாக ஓட்டினாலே சூடேறிவிடும். அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றது. அதற்கு எழுந்த உரை இன்னும் நிற்கவில்லை.

ஆ) "ஆயில் கறுத்துப் போச்சா, கெட்டுப் போச்சு." கறுப்பு கேட்டுக்குச் சான்றன்று. ஆயிலில் சேர்த்திருக்கும் அழுக்கு நீக்கிகள் கரியைப் படியவிடாமல் தாங்கிப் பிடிப்பதால் வரும் நிறம் அது. டீசல் எஞ்சினில் புது ஆயில் வெகு சீக்கிரமே கறுக்கும். ஆயிலின் அளவைப் பார்க்கக் குச்சி இருக்கிறது. நிறத்தைப் பார்த்துச் சோதிடம் சொல்ல வேண்டாம்.

இ) "கூலன்ட் எதுக்கு? பைப் தண்ணியே போதும்." இது ஐயத்துக்கிடமற்ற இடைச்செருகல். கூலன்ட் கொதிநிலையை உயர்த்துகிறது, துருவைத் தடுக்கிறது. போர்த் தண்ணீர் செய்வது ரேடியேட்டருக்குள் உப்பைப் படியவைப்பது ஒன்றே.

3. ஒரு நூற்பாவும் இரு உரைகளும்

பல கையேடுகளில் வரும் விதி இது: எஞ்சின் ஆயிலை 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு, இவற்றுள் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுக. ஆண்டுக்கு 4,000 கி.மீ. ஓட்டுபவர், "கிலோமீட்டர் இன்னும் ஆகலையே" என்கிறார். 20,000 ஓட்டுபவர், "வருஷம் இன்னும் முடியலையே" என்கிறார். இருவரும் சான்றோர், ஆளுக்குப் பாதி நூற்பாவைப் பழுதறக் கடைப்பிடிக்கிறார்கள். முன்னவரின் கார் கோயிலுக்கும் காய்கறிச் சந்தைக்கும் மட்டுமே போய்வருவதால், எஞ்சின் முழுச்சூடு அடைவதே இல்லை; ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாமல் அங்கேயே தங்குகிறது. குறைவாக ஓடும் கார் குறைவாகத் தேயும் என்ற கொள்கை இவ்விடத்தில் வீழ்கிறது.

பிரேக் ஆயிலைப் பற்றி வாய்மொழி மரபு மௌனம் சாதிக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. ஈரம் ஏற ஏறக் கொதிநிலை இறங்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்தபடியே இறங்குகையில் ஆயில் கொதித்தால், பெடல் தரையைத் தொடும், கார் நிற்காது. இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் கையேடுகளின் குரல் அந்நேரத்தில் கிளவ் பாக்ஸுக்குள்ளிருந்து கேட்காது.

4. கல்வெட்டுச் சான்று

ஓட்டுநர் கதவைத் திறந்தால், பல கார்களில் கதவு நிலையருகே ஒரு ஸ்டிக்கர் தென்படும். டயர்க் காற்றழுத்தம் பொறித்த கல்வெட்டு அது. பங்க்கில் காற்று பிடிப்பவர் "எவ்ளோ சார்?" என்று கேட்கும்போது அதன்மேல் சாய்ந்து நின்றபடியே, "நார்மலா வைப்பா" என்கிறார் உரிமையாளர். காற்று குறைந்தால் டயரின் இரு ஓரங்கள் தேயும், மிகுந்தால் நடு தேயும். ஓடிச் சூடான டயர் அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். எனவே புறப்படும் முன் பார்ப்பதே முறை.

5. ஆயுத பூஜை

ஆண்டுக்கொரு நாள் காருக்கு நீராட்டு, சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, பூசணி எல்லாம் தவறாமல் கிடைக்கின்றன. எலுமிச்சை வைப்பதற்காக உரிமையாளர் நான்கு டயர் முன்னும் குனிகிறார். 1.6 மி.மீ. தேய்மான அடையாளம் அவர் கண்ணுக்கு ஒரு சாண் தொலைவில் இருக்கிறது. கண்களை மூடிக் கும்பிட்டுவிட்டு எழுகிறார்.

6. அயலகச் சான்று

அமெரிக்கப் பள்ளி ஆசிரியர் இர்வ் கோர்டன் 1966-இல் வாங்கிய வோல்வோ பி1800 காரில், 2013-இல் 30 லட்சம் மைலைக் கடந்தார். சுமார் 48 லட்சம் கி.மீ.; நிலவுக்கு ஆறு முறை போய்வரும் தூரம். அவர் சொன்ன இரகசியம், கையேடு குறித்த காலத்தில் சர்வீஸ் செய்தது. நம் கருத்தரங்குகளில் இது எடுபடாது. அவருக்கு மைத்துனர் வாய்க்கவில்லை என்றே கொள்வர்.

7. முடிவும் மேலாய்வுக் களமும்

எழுத்து மரபா, வாய்மொழி மரபா என்ற பூசல் வெறும் தோற்றமே. அந்தந்த வேளையில் எது செலவு குறைவோ அதுவே நம் மரபு. மிச்சம் பிடித்த ஆயில் காசை எஞ்சின் வேலைக்கான பில் வட்டியோடு வசூலிக்கும்போதுதான் உறை கிழிக்கப்படுகிறது. அதுவும் வாரன்டிப் பக்கத்தைத் தேடி.

மேலாய்வுக்கு உரியது ஸ்டெப்னி. ஐந்தாவது டயரான அதற்கு எலுமிச்சையும் இல்லை, காற்றும் இல்லை. அதன் அழுத்தம் குறித்த கள ஆய்வை இளம் ஆய்வாளர் எவரேனும் விரைவில் மேற்கொள்வார். பெரும்பாலும் நள்ளிரவில், உளுந்தூர்ப்பேட்டை தாண்டி, மழையில்.