சும்மா எழுதிப் பார்ப்பவர்

சோழிங்கநல்லூர்ப் பக்கம் ஒரு ஐ.டி. கம்பெனியில் மூன்று வருஷம் கோடிங் எழுதிய பிறகுதான் இந்தத் தம்பிக்கு ஞானம் பிறக்கும். எழுதுகிறவனுக்கு நாற்காலி மட்டும். எழுதச் சொல்கிறவனுக்குக் கண்ணாடி அறை. உடனே எம்.பி.ஏ. படிக்க 'கேட்' தேர்வுக்கு விண்ணப்பம் போட்டுவிடுவார். கேட்டால், "சும்மா எழுதிப் பாக்குறேண்ணே" என்பார். தேர்வு நவம்பர் கடைசி ஞாயிறு. கார்த்திகை முகூர்த்தம் ஒன்றிலும் ஆளைப் பார்க்க முடியாது.

இரண்டு மணி நேரத் தேர்வு. மூன்று பகுதி, பகுதிக்கு 40 நிமிடம். தம்பி கணக்கில் தப்பித்து ஆங்கிலத்தில் மாட்டுவார். ரிசல்ட் வரும்: 92 பெர்சென்டைல். "நூத்துக்குத் தொண்ணூத்திரெண்டா!" என்று பக்கத்து வீட்டு அக்கா வாயில் சர்க்கரை போடுவார். அது மார்க் இல்லை, நூறு பேரில் 92 பேருக்கு முன்னால் நிற்கிறோம் என்று விளக்க வாயைத் திறந்தால்தானே! பாதி மார்க்கைத் தொடாமலே 99 பெர்சென்டைல் வாங்கிய வருஷங்களும் உண்டு. அதை அவர் வீட்டில் மூச்சு விடமாட்டார்.

நேர்முகத்தில் "ஏன் எம்.பி.ஏ.?" என்பார்கள். தலைமைப் பண்பு, சமூகத்துக்குப் பங்களிப்பு என்று தம்பி பொழிவார். கண்ணாடி அறை பேச்சிலேயே வராது. மூன்றாம் தடவை சும்மா எழுதியதில் ஒரு ஐ.ஐ.எம்.மில் இடமும் கிடைத்துவிடும்.

முதல் விடுமுறைக்கு மதுரை வந்தவரைப் பார்க்க வேண்டுமே! அப்பத்தாவுக்கு அரவிந்த் கண் மருத்துவமனையில் புரை எடுத்தபோது துணைக்குப் போய், வெளியே செல்போன் நோண்டிக்கொண்டிருந்தவர்தான். அந்த ஆஸ்பத்திரியைப் பற்றி ஹார்வர்டு 1993இல் வெளியிட்ட கேஸ் ஸ்டடியை இப்போது வகுப்பில் படித்துவிட்டாராம். "டாக்டர் ஒரு டேபிள்ல ஆபரேஷன் பண்றப்பவே பக்கத்து டேபிள்ல அடுத்த ஆளைத் தயாரா வச்சிருப்பாங்க அப்பத்தா. நேரமே வீணாகாது. என்னா சிஸ்டம் தெரியுமா!"

"தெரியாம என்னடா? பக்கத்து டேபிள்ல படுத்திருந்ததே நான்தானே."

அடுத்து, கீழமாசி வீதியில் அப்பாவின் மளிகைக் கடை. பில் நோட்டின் பின்பக்கத்தில் நாலு கட்டம் போட்டு ஒவ்வொரு சரக்கையும் உள்ளே தள்ளினார். நட்சத்திரம், பசு, நாய், கேள்விக்குறி. பருப்பு பசுவாம், நின்று பால் கறக்கும். சாம்பிராணி நாய், விற்பனையும் ஏறாது, லாபமும் இல்லை.

"சாமி சாமானைப் போய் நாய்ங்கிறான் பாரு" என்று அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

தம்பி விடவில்லை. கணக்கு நோட்டைப் புரட்டினார். "இவ்வளவு ரிசீவபிள்ஸா! கேஷ் ஃப்ளோ அடிவாங்கும்ப்பா. திருப்பித் தர்ற வசதி இல்லாதவங்களுக்கெல்லாம் இனிமே கடனே குடுக்காதீங்க."

அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். "ஏண்டா, பேங்க் மேனேஜர் இப்படி யோசிச்சிருந்தா உனக்குக் கல்விக் கடன் குடுத்திருப்பாரா?"

தம்பி ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "வேலிட் பாயின்ட்ப்பா" என்று லேப்டாப்பைத் திறந்து ஒரு ஸ்லைடு சேர்த்துக்கொண்டார்.