ல, ள, ழ-வும் தேன்பெட்டியும்

கேள்வி: என் ஒன்பது வயது மகனுக்கு டிஸ்லெக்ஸியா. புத்தகத்தைக் கண்டால் தோட்டத்துக்கு ஓடிவிடுகிறான். தாத்தாவின் தேன்பெட்டிகள்தான் அவனுக்கு உலகம். வாசிப்பில் ஆசை வர வழி உண்டா?
– ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: ஓடுகிற இடம் நல்ல இடம்தானே! 1920களில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹாட்ச் உங்கள் ஊரில் தேனீ வளர்ப்பைப் பரப்பியதும் செய்துகாட்டித்தான்.

உங்கள் மகனும் அப்படியே செய்து பார்த்துக் கற்கட்டும்; நோட்டுப் புத்தகத்தைத் தேன்பெட்டிப் பக்கம் கொண்டுபோங்கள். "ராணி முட்டை போடுது, மற்றதெல்லாம் வேலை பாக்குது" என்று அவன் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். பெரிய எழுத்து, வரிக்கு வரி நல்ல இடைவெளி. பிறகு அவனே விரல் வைத்து வாசிக்கட்டும். தன் பேச்சு என்பதால் பாதியை ஊகித்துவிடுவான். விட்டுவிடுங்கள். எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் பயிற்சியைச் சிறப்பாசிரியரிடம் தனியாக, தினமும் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம். கதை நேரத்தில் அது நுழைய வேண்டாம்.

ராத்திரி நீங்கள் வாசித்துக்காட்டுங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் படத்தோடு தமிழ்க் கதைகள் இலவசம். காதால் கேட்பதும் வாசிப்புக் கணக்கில் சேர்த்திதான்.

ல, ள, ழ குழம்பினால் சிவப்பு மையைத் தேடாதீர்கள். அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் எங்கள் பத்திரிகையில் பிழை திருத்துபவர் ஒருவருக்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்கிறோம்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாடும் உண்டு. சான்றிதழ் இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் எனச் சலுகைகள் கேட்கலாம். சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்று தள்ளிப்போடாதீர்கள். அவர்களும் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் கல்யாணப் பத்திரிகை வாசிக்கிறார்கள்.