மூன்று கார்டில் தோற்றவன்

பாடவே வராதவர்களையும் பாட வைப்பதற்கென்று செய்யப்பட்ட பாட்டுகள் சில உண்டு. அமெரிக்கத் தென்மாநிலங்களின் 'ஐல் ஃப்ளை அவே' அவற்றில் ஒன்று. செத்த பிறகு இந்த உலகத்தை விட்டுப் பறந்துவிடுவேன் என்று குதூகலமாகச் சொல்லும் கன்ட்ரி காஸ்பல் பாட்டு. கிட்டாரில் மூன்றே கார்ட் போதும். முதல்முறை கேட்கிற குழந்தைகூட இரண்டாவது பல்லவியில் சேர்ந்துகொள்ளும். இந்தப் பாட்டிடம்தான் நான் திரும்பத் திரும்பத் தோற்றிருக்கிறேன். பஞ்சரத்தினக் கீர்த்தனையில் தடுமாறினேன் என்றால் நாலு பேர் மதிப்பார்கள். மூன்று கார்டில் தடுமாறியவனுக்கு அந்த மரியாதையும் கிடையாது.

முதலில் தோற்றது வாயால். 2000ஆம் ஆண்டு வந்த 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?' படத்தின் பாடல் தொகுப்பில் அலிசன் க்ராஸும் ஜில்லியன் வெல்ச்சும் சேர்ந்து இதைப் பாடியிருக்கிறார்கள். கேட்ட அன்றே தீர்ப்பு எழுதிவிட்டேன்: பருத்திக்காட்டு அடிமைகள் பாடியது, இருநூறு வருஷப் பழசு, எழுதியவர் பெயர் யாருக்கும் தெரியாது. இதை நண்பர்களிடம் சொன்னேன், எங்கள் கொயரில் சொன்னேன், ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்த முன்பின் தெரியாத ஒருவரிடமும் சொன்னேன். இலை போடும்வரை அவருக்குத் தப்பிக்க வழியில்லை.

எழுதியவருக்குப் பெயர் உண்டு. ஆல்பர்ட் ஈ. பிரம்லி, 1905இல் பிறந்து 1977இல் இறந்தவர், வெள்ளைக்காரர். பாட்டுக்குக் காப்புரிமையும் உண்டு. அந்த உரிமை யாருக்கு என்று அவருடைய பிள்ளைகளுக்குள்ளேயே வழக்கு நடந்து மேல்முறையீடுவரை போயிருக்கிறது. நான் சொன்ன கதையில் பருத்திக்காடு மட்டும் சரி. அதுவும் குருட்டாம்போக்கில் வந்து விழுந்தது.

பிரம்லி பிறந்தது ஓக்லஹோமாவில், ஸ்பைரோ என்ற ஊருக்குப் பக்கத்தில். குடும்பத்துக்குப் பருத்தி விவசாயம். 1929வாக்கில் அப்பாவின் காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் வாயில் ஓடிக்கொண்டிருந்தது, வெர்னன் டால்ஹார்ட் 1924இல் பாடிப் பதிவுசெய்து அமோகமாக விற்ற 'தி பிரிசனர்ஸ் சாங்'. எனக்குச் சிறகு இருந்தால் இந்த மதிலைத் தாண்டிப் போயிருப்பேனே என்று ஒரு கைதி ஏங்கும் பாட்டு. சாமிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நாள்பூராவும் குனிந்து, காய்ந்த காயோட்டு முனை குத்திக் குத்தி விரலெல்லாம் கீறிக்கொண்டு பருத்தி எடுக்கிறவனுக்கு அந்த ஏக்கம் விளங்காமல் போகுமா? சிறையை உலகமாக்கினார், மதிலுக்கு அப்பால் பரலோகத்தை வைத்தார். ஆனால் ஒரே மூச்சில் முடிக்கவில்லை. சில வருஷம் கையிலேயே கிடந்தது. 1931இல் அவர் கல்யாணம் செய்துகொண்ட கோல்டிதான் பதிப்பாளருக்கு அனுப்பும்படி தூண்டியவர். 1932இல் ஆர்கன்சாவிலிருந்த ஹார்ட்ஃபோர்ட் மியூசிக் கம்பெனி 'வொண்டர்ஃபுல் மெசேஜ்' என்ற பாட்டுப் புத்தகத்தில் அதை அச்சிட்டது.

சினிமாப் பாட்டின் சாயலில் பக்திப் பாட்டு கட்டுகிறவர்களைக் கண்டால் முகத்தைச் சுளிக்கிற ஜாதி நான். இந்தப் பக்திப் பாட்டே ஒரு கைதிப் பாட்டிலிருந்து வந்தது என்று தெரிந்த பிறகு அந்தச் சுளிப்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அதைவிட ஏமாற்றம், பாட்டு விற்பனைக்கென்றே எழுதப்பட்டது என்பது. ஹார்ட்ஃபோர்ட் கம்பெனி ஒரு வியாபாரம். யூஜின் பார்ட்லெட் என்பவர் நடத்தியது; பாட்டெழுதக் கற்றுக்கொடுக்கும் பள்ளியும் அதோடு சேர்ந்தது. 1926இல் கையில் காசில்லாமல் வந்து நின்ற பிரம்லியைச் சேர்த்துக்கொண்டவர் அவர்தான். அந்தக் காலத்தில் கிராமங்களில் பாட்டுப் பள்ளிகள் நடக்கும். வாத்தியார் ஊருக்கு வந்து, சிலநாள் தங்கி, விவசாயிகளுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் நாலு குரலில் பாடச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார். பிறகு வட்டாரமே கூடிப் பாடும் மாநாடுகள். அங்கே பழைய பாட்டைப் பாடினால் மதிப்பில்லை. எனவே கம்பெனிகள் வருஷாவருஷம் புதுப் பாட்டுகளோடு மலிவான அட்டைப் புத்தகங்களை இறக்கிக்கொண்டே இருந்தன. பிரம்லி அந்தச் சந்தைக்கு எழுதியவர். நூற்றுக்கணக்கில் எழுதினார்.

இந்த இடத்தில் எனக்குக் கற்றுக்கொள்ளும் ஆசை வந்தது. அடுத்த தோல்வியும் வந்தது. அந்தப் புத்தகங்களில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஓர் உருவம் இருக்கும். 'டோ' முக்கோணம், 'மி' சாய்சதுரம், 'சோ' உருண்டை, 'லா' சதுரம் என்று ஏழு ஸ்வரத்துக்கும் ஏழு உருவம். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த விவசாயியும் பார்த்த மாத்திரத்தில் பாடிவிடலாம் என்பதற்குச் செய்த ஏற்பாடு. சிக்கல் என்னவென்றால் 'ஃபா'வும் ஒரு முக்கோணம், செங்கோண முக்கோணம். பள்ளியில் வடிவியல் என்னைக் கைவிட்ட அதே இடத்தில் இப்போது சங்கீதமும் கைவிட்டது. 'டோ' வரவேண்டிய இடத்திலெல்லாம் 'ஃபா'வில் போய் உட்கார்ந்தேன். சோல்ஃபாவிலேயே வளர்ந்த எங்கள் கொயர் மாஸ்டர் கொஞ்ச நேரம் கேட்டார். "தம்பி, நீ படத்தப் பாக்காத, என் வாயப் பாரு" என்றார்.

கிட்டார் கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ஜி, சி, டி. இவ்வளவுதான் பாட்டு. சி-யிலிருந்து ஜி-க்கு என் விரல்கள் வந்து சேர்வதற்குள் பாடுகிறவர் அடுத்த வரிக்குப் போயிருப்பார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கிட்டாரின் கழுத்து வளைந்திருக்கிறது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் அதே கிட்டாரில் ஓர் இளையராஜா பாட்டை முழுசாக வாசித்துக் காட்டிவிட்டு ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

மிச்சமிருந்தது குரல். கொயரில் நான் பேஸ், கீழ்க்குரல். இந்தப் பாட்டின் பல்லவியில் ஒரு சூட்சுமம் உண்டு. மேல்குரல்கள் ஓர் அடியைப் பாடி இழுத்து நிறுத்தும். அந்த இடைவெளியில் கீழ்க்குரல்கள் நுழைந்து ஒரு சிறு பதில் சொல்லும். பாட்டுக்கு உயிரே அதில்தான் இருக்கிறது. பாடத் தெரியாதவனுக்கும் அங்கே ஒரு வேலை வைத்திருக்கிறார் பிரம்லி: மற்றவர்கள் மூச்சு வாங்கும்போது இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். இதைச் சுத்தமாகக் கேட்க சக் வேகன் கேங் 1948இல் செய்த பதிவை எடுக்க வேண்டும். டெக்சாஸ் குடும்பம் ஒன்றின் குழு. இரண்டு பெண்குரல், இரண்டு ஆண்குரல், ஒரு கிட்டார், அவ்வளவே. பாட்டை வீடுவீடாகக் கொண்டுசேர்த்தது அந்த இசைத்தட்டுதான். அதைக் கேட்டுக்கேட்டு ஒத்திகை பார்த்தேன். மேடையில் பல்லவி வந்ததும் என் குரல் தன் வேலையை விட்டுவிட்டு சோப்ரானோக்காரர்களின் பின்னால் போய்விட்டது. பதில் சொல்ல ஆளில்லாத இடைவெளி அப்படியே காலியாகக் கிடந்தது. மாஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அலுவலகத்தில் கண்காணிப்பாளர் ஒருவர் ஓய்வுபெற்றார். வழியனுப்பு விழாவில் யாராவது பாடுங்கள் என்றார்கள். மெட்டு உற்சாகம், கைதட்ட வசதி. எழுந்து இதையே பாடினேன். எல்லோரும் கைதட்டினார்கள். சார் மட்டும் கடைசிவரை என் வாயையே உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆங்கில இலக்கியம் படித்தவர் என்பது எனக்குத் தெரியாது. மாலையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "தம்பி, நான் வீட்டுக்குத்தான் போறேன். நீங்க வேற எங்கேயோ அனுப்புறீங்க" என்றார்.

அவரிடம் ஒரு சால்ஜாப்பு சொன்னேன், அது உண்மையும்கூட. நியூ ஆர்லியன்ஸில் சவ ஊர்வலத்தில் பித்தளை வாத்தியக்காரர்கள் இந்தப் பாட்டை ஆட்டம்போட வைக்கிற வேகத்தில் வாசிப்பார்கள். சாவுப் பாட்டு என்பதற்காக அழுதுகொண்டே பாடவேண்டும் என்று அங்கே யாரும் நினைப்பதில்லை. "நம்மூர்லயும் அப்படித்தானே, பறை அடிச்சு ஆடலையா?" என்று அவரே சொல்லி என்னைக் காப்பாற்றினார்.

இந்தப் பாட்டு ஏன் இன்னும் நிற்கிறது என்பதற்கு நான் வைத்திருந்த விளக்கங்கள் எதுவும் தேறவில்லை. பழமை என்றேன், காந்தி தண்டிக்கு நடந்ததற்கு இரண்டு வருஷம் கழித்து அச்சேறிய பாட்டு. பக்தி என்றேன், 2004இல் கான்யே வெஸ்ட் தன் முதல் ராப் ஆல்பத்தில் இதைச் சேர்த்திருக்கிறார். 'ஓ பிரதர்' படத்தால் வந்த புகழ் என்றேன். அந்தப் பாடல் தொகுப்பு 2002இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி வாங்கியது வாஸ்தவம், ஆனால் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே கறுப்பர் தேவாலயங்களும் வெள்ளையர் தேவாலயங்களும் இதைத் தங்கள் பாட்டாக்கிக்கொண்டிருந்தன. இப்போது எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். விவசாயி பாடவேண்டும், புத்தகம் விற்கவேண்டும் என்று கணக்குப்போட்டு எளிமையாகக் கட்டிய பாட்டு இது. அந்த வியாபாரப் புத்தியைத்தான் நான் மட்டமாக நினைத்தேன். அது இல்லையென்றால் பாட்டு ஓக்லஹோமா தாண்டியிருக்காது.

கேட்டுப் பாருங்கள். முதலில் சக் வேகன் கேங், பிறகு நியூ ஆர்லியன்ஸ்காரர்கள் யாராவது. நாலு பேர் சேர்ந்தால் பாடியும் பாருங்கள்; கட்டாயம் வரும். எனக்கு வராததைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம்.