தேதிக்காரர்

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஐம்பத்தைந்து வயதைக் கடந்த ஆண்களில் ஒரு சாரார் தேதிக்காரர்கள். ஒரு திட்டத்தின் பணம் நின்று இன்னொரு திட்டத்தின் பணம் தொடங்க வேண்டிய இடத்தில், எந்த மாதம், எந்தத் தேதியில் மனுக் கொடுத்தால் ஆதாயம் என்று சொல்வது இவர்கள் வேலை. யாரும் நியமித்ததில்லை, சம்பளமும் கிடையாது. டீக்கடையில் ஒரு டீ, கல்யாண மண்டபத்தில் முன்வரிசை நாற்காலி, இவ்வளவே வருமானம்.

கையில் ஜவுளிக்கடைப் பை இருக்கும். அதற்குள் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் பாஸ்புக், ஆதார், பள்ளி மாற்றுச் சான்றிதழ் எல்லாவற்றின் ஜெராக்ஸும் மும்மூன்று. அசல் பத்திரங்கள் பீரோவில் எந்தத் தட்டில் உள்ளன என்பது அவர் ஒருவருக்கே தெரியும். மனைவியிடம் சொல்வதில்லை. கணவன் இறந்தால் மனைவிக்கு அவர் பென்ஷனில் பாதி உண்டு என்ற விதியை மட்டும் அவளிடம் பெருமையாகச் சொல்லியிருப்பார்.

இரண்டு ஊருக்கும் இடையே பத்துப் பதினோரு கிலோமீட்டர்தான். ஆனாலும் இரண்டு ஊர்த் தேதிக்காரர்களும் வேறு வேறு மரபைச் சேர்ந்தவர்கள். ராஜபாளையத்தார் மில் மரபு. ஸ்ரீவில்லிபுத்தூரார் கருவூல மரபு.

ராஜபாளையத்தில் பஞ்சாலைகள் 1930களில் வேர்விட்டன. மூன்று ஷிஃப்ட் ஓடும் ஊரில் பி.எஃப். பற்றிப் பேசாத வீடு குறைவு. ஆகவே மில் மரபினருக்கு அடிப்படை வேதம் 1995 நவம்பர் 16இல் நடைமுறைக்கு வந்த ஊழியர் பென்ஷன் திட்டம். முதலாளி கட்டும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் பென்ஷன் கணக்குக்குப் போகிறது. 58 வயதானால், குறைந்தது பத்து வருட சர்வீஸ் இருந்தால், மாதாமாதம் பென்ஷன். 2014 செப்டம்பர் முதல் குறைந்தபட்சத் தொகை 1,000 ரூபாய். இதுவரை யாருக்கும் தெரியும். தேதிக்காரரின் புலமை தொடங்குவது இதற்கு மேலே.

முதல் சிக்கல், 58 என்பது எந்தப் பிறந்த தேதிப்படி என்பது. அந்தத் தலைமுறையில் பலருக்கு மூன்று பிறந்த நாள் உண்டு. தாய்க்குத் தெரிந்தது ஒன்று: பெருமழை பெய்த ஐப்பசி, செவ்வாய்க்கிழமை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஐந்து வயது நிரம்ப வேண்டுமே என்று ஹெட்மாஸ்டர் மனமிரங்கிப் போட்டது இரண்டாவது. அது தவறாமல் மே அல்லது ஜூனில் வரும். ஆதாரில் ஏறியது மூன்றாவது. தேதி தெரியாதவருக்கு அங்கே ஜனவரி 1. 2024 ஜனவரியில் பி.எஃப். நிறுவனம் பிறந்த தேதிக்கான ஆதாரங்களின் பட்டியலிலிருந்து ஆதாரை எடுத்துவிட்டது. அன்று முதல் மில் மரபினர் ஹெட்மாஸ்டரை மரியாதையோடு குறிப்பிடத் தொடங்கினார்கள்.

இரண்டாவது சிக்கல், 58இலேயே வாங்குவதா, தள்ளிப்போடுவதா என்பது. பென்ஷனை 60 வரை ஒத்திவைக்க விதியில் இடமிருக்கிறது. ஒத்திவைக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் கூடும். "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்று வளர்ந்த மில்காரருக்கு இது நியாயமாகவே படும். தேதிக்காரர் அப்போது பீடிக்கட்டுக் காகிதத்தின் பின்பக்கம் எழுதிக் காட்டுவார். பென்ஷன் 3,000 என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருடம் பொறுத்தால் கையை விட்டுப் போவது 36,000. பிறகு மாதம் கூடுவது 120. விட்டதைப் பிடிக்க 300 மாதம், அதாவது 25 வருடம். பென்ஷன் தொகை எதுவானாலும் இந்த 25 மாறாது, ஏனென்றால் நூறில் நாலு என்றால் இருபத்தைந்தில் ஒன்று.

"அண்ணாச்சி, எம்பத்திநாலு வயசு வரைக்கும் இருப்பீகளா? இருக்கேன்னு எழுதிக் குடுங்க, தள்ளிப்போடுவோம்."

இந்தக் கேள்விக்குப் பின் தள்ளிப்போட்டவர் எவருமில்லை. வருடம் கூடினால் சர்வீஸும் சேருமே, சம்பளமும் ஏறுமே என்று குறுக்கே பேசுகிறவர்களும் உண்டு. அது சரியான வாதம். பங்களிப்பைத் தொடர்ந்து கட்டினால் கணக்கு வேறு. ஆனால் டீ ஆறிவிடும் என்பதால் தேதிக்காரர் அதற்குள் போவதில்லை.

இதே கணக்கு மறுபக்கமும் வெட்டும். வேலையை விட்டவர் 50 வயதிலிருந்தே குறைத்த பென்ஷன் கேட்கலாம். 58க்கு எத்தனை வருடம் குறைகிறதோ அத்தனை நாலு சதவீதம் பிடிப்பார்கள். 57இல் வாங்கினால் ஒரு வருடப் பணம் முன்னாலேயே கைக்கு வருகிறது. அது கரைய 58க்குப் பிறகு 24 வருடம் ஆகும். ஆகவே கணக்குப்படி முந்துவது நஷ்டமில்லை. ஆனால் இதை எந்தத் தேதிக்காரரும் உரக்கச் சொல்வதில்லை. எல்லாரும் முந்திக்கொண்டால் தேதி கேட்டு வருகிறவர் யார்?

மூன்றாவது சிக்கல் பத்து வருட எல்லை. மற்ற ஆலோசனைகளில் பாதி பொழுதுபோக்கு. ஊருக்கு உண்மையாகவே பயன்படுவது இது ஒன்றுதான். மில்லில் சேர்ந்த பெண்கள் கல்யாணத்துக்காகவோ பிள்ளைப்பேற்றுக்காகவோ எட்டு, ஒன்பது வருடத்தில் நின்றுவிடுவது வழக்கம். பிறகு 10-சி படிவம் எழுதி, பென்ஷன் கணக்கில் கிடந்ததை மொத்தமாக எடுத்து, நகைச்சீட்டின் கடைசித் தவணையைக் கட்டிவிடுவார்கள். அதோடு அத்தனை வருட சர்வீஸும் அழிந்துவிடும். ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆன சர்வீஸ் முழு வருடமாகக் கொள்ளப்படும் என்பதால், ஒன்பது வருடம் ஆறு மாதம் ஆனாலே பத்து என்று கணக்கு. ஒன்பது வருடம் இரண்டு மாதத்தில் ராஜினாமா எழுதப்போகிற பெண்ணைத் தெருமுனையில் பிடித்து நிறுத்துகிற ஒரே ஆள் தேதிக்காரர்.

"தாயி, இன்னும் நாலே மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டிரு. அப்பறம் நின்னுக்கோ."

"முடியலையே பெரியப்பா, அவுக வீட்ல அவசரப்படுறாகளே."

"அப்ப பணத்தை எடுக்காத. சர்டிபிகேட்டா வாங்கி வச்சுக்கோ. நாளைக்கு சத்திரப்பட்டியில ஒரு கம்பெனியில சேர்ந்தாலும் பழைய சர்வீஸ் கூட ஒட்டிக்கிடும்."

சர்வீஸைக் காப்பாற்றித் தரும் அந்தத் திட்டச் சான்றிதழைப் பற்றி மில் வாசல் நோட்டீஸ் பலகையிலும் எழுதியிருக்கலாம். நோட்டீஸ் பலகை தெருமுனைக்கு வந்து மறிப்பதில்லை.

இனி ஸ்ரீவில்லிபுத்தூர். மாவட்ட நீதிமன்றம் விருதுநகரில் இல்லாமல் இங்கே இருப்பதால் ஊரில் அமீனாவும் குமாஸ்தாவும் தாராளம், ஆசிரியர்களுக்கும் குறைவில்லை. கருவூல மரபினர் இவர்களிடையே உருவானவர்கள். இவர்களுக்குப் படிவம் பெரிதல்ல. பிறந்த தேதிதான் ஜாதகம். அரசு ஊழியர் பிறந்த மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு பெறுவார். ஒன்றாம் தேதி பிறந்தவர் மட்டும் முந்தைய மாதக் கடைசியிலேயே போய்விட வேண்டும். ஒரு நாளில் ஒரு மாதச் சம்பளம் போகிறதே என்று ஒன்றாம் தேதிக்காரரைப் பார்த்து இவர்கள் துக்கம் விசாரிப்பார்கள்.

இந்த மரபின் மகாகாவியம் 2020இல் நடந்தது. அந்த மே 7ஆம் தேதி தமிழக அரசு ஓய்வு வயதை 58இலிருந்து 59 ஆக்கியது. மே 31 முதல் ஓய்வு பெற இருந்தவர்களுக்கே அது பொருந்தும். அடுத்த பிப்ரவரியில் 60 ஆனது. ஆக, 1962 மே 2ஆம் தேதி பிறந்த எழுத்தருக்கு இரண்டு வருடம் கூடுதல் வேலை. மே 1ஆம் தேதி பிறந்த எழுத்தர் ஏப்ரல் 30 அன்றே, ஊரடங்கில் மாலைகூட விழாமல், வீட்டுக்குப் போனவர். இடையே ஒரே இரவு. அந்த இரவைப் பற்றி ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்னும் பேச்சு ஓயவில்லை. மருத்துவச்சி கொஞ்சம் தாமதித்திருக்கக் கூடாதா என்ற அளவுக்குப் போயிருக்கிறது.

2003 ஏப்ரல் 1க்கு முன் சேர்ந்தவரா, பின் சேர்ந்தவரா என்பது அடுத்த பிரிவினை. முன்னவருக்குப் பழைய பென்ஷன். பின்னவருக்கு வந்தது சம்பளத்தில் பிடித்தம் செய்யும் பங்களிப்புத் திட்டம். மார்ச்சில் பணியில் சேர உத்தரவு கையிலிருந்தும், முகூர்த்தம் பார்த்து ஏப்ரலில் சேர்ந்தவரின் கதையை இவர்கள் இளைஞர்களுக்கு எச்சரிக்கையாகச் சொல்வதுண்டு. ஜூன் 30 அன்று ஓய்வு பெற்றவருக்கு ஜூலை 1இல் வரவேண்டிய ஆண்டு உயர்வு உண்டா என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் ஒரு மத்திய அரசு ஊழியருக்குச் சாதகமாகச் சொன்னதும், 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதே வழியில் தீர்ப்பளித்ததும் இவர்களுக்கு மனப்பாடம்.

இரண்டு மரபும் சந்திப்பது கல்யாண வீட்டில். மில்காரர் தம் 2,400 ரூபாய் பென்ஷனுக்குப் பட்ட பாட்டைச் சொல்ல, கருவூலக்காரர் அகவிலைப்படி வரவேண்டிய மாதத்தைப் பற்றிக் கவலைப்படுவார். மில் பென்ஷனில் அகவிலைப்படி என்ற ஒன்றே கிடையாது. அதைச் சொல்லாமல் மில்காரர் பால்கோவாவை எடுத்துக்கொள்வார்.

பெண்களின் கணக்கு இரு மரபுக்கும் பொது. 2023 செப்டம்பர் 15இல் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை மாதம் 1,000. 60 வயதில், ஆதரவற்றவருக்கான முதியோர் உதவித்தொகை 1962இல் 20 ரூபாயாகத் தொடங்கி, 2023 ஆகஸ்ட் முதல் 1,200. ஒருவரே இரண்டையும் வாங்க முடியாது. ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தாவினால் லாபம் 200. இடையில் இரண்டு மாதம் இரண்டுமே வராமல் போனால் அந்த 200 தேறப் பத்து மாதம் ஆகும். "புது ஆர்டர் கையில வராம பழசை விட்டுறாதீக மதினி" என்பது தேதிக்காரர்களின் ஒருமித்த தீர்ப்பு. விசாரித்துவர மதினியையே தாலுகா ஆபீசுக்கு அனுப்புவார்கள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. தேதிக்காரர் போனால் சில்லறை செலவாகும்.

இப்போது படிவங்கள் கணினிக்குப் போய்விட்டன. பிரவுசிங் சென்டர் பையன் ஐந்து நிமிடத்தில் பென்ஷன் மனுவான 10-டி போட்டுவிடுகிறான். இனிஷியல் ஒரு இடத்தில் முன்னாலும் ஒரு இடத்தில் பின்னாலும் இருந்தால் அதே வேகத்தில் திரும்பியும் வருகிறது. அப்போது பையன் கையைக் காட்டுவது எதிர் டீக்கடையில் இருக்கும் பெரியவரை. இணைய வசதி தொழிலைக் கெடுக்கவில்லை. வாடிக்கையாளரை ஒரே இடத்தில் கூட்டிக் கொடுத்திருக்கிறது.

தமக்கும் பென்ஷன் வந்துவிட்ட தேதிக்காரருக்கு எஞ்சும் ஒரே தேதி, ஆயுள் சான்றிதழ் கொடுக்க வேண்டிய நாள். முன்பு மில் பென்ஷன்காரர் எல்லாரும் நவம்பரில் கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது எந்த மாதமும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும். நாற்பது வருடம் நூல் பிடித்துத் தேய்ந்த விரலில் ரேகை விழாதவர்களுக்கு முகத்தைக் காட்டும் வசதியும் வந்திருக்கிறது. இத்தனை சௌகரியம் இருந்தும் தேதிக்காரர் நவம்பரை விடுவதில்லை. அந்த மாதத்தில்தான் பழைய ஷிஃப்ட் ஆட்கள் எல்லாரும் ஒன்றாக வருவார்கள். வராதவர் யார் என்பதையும் அங்கேயே எண்ணிப் பார்த்து, அவர் வீட்டுக்கு விதவை பென்ஷன் படிவத்தோடு அடுத்த வாரம் தேதிக்காரரே போவார்.