தள்ளிப் பார்த்தால் போதாது, தூக்கிப் பாருங்கள்

கேள்வி: முதல் குழந்தை பிறந்திருக்கிறது. சென்னையில் லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடியில் வீடு. எந்த ஸ்ட்ரோலர் வாங்கலாம்?

பதில்: கடையில் எல்லோரும் வண்டியைத் தள்ளித்தான் பார்க்கிறார்கள். மாடி வீட்டுக்காரர் தூக்கிப் பார்க்க வேண்டும். இடது தோளில் பிள்ளை இருக்க, வலது கையால் மட்டும் வண்டியை மடக்க முடிகிறதா?

இந்தப் பாரத்தைக் குறைத்தவர் விமானப் பொறியாளர் ஓவன் மக்லாரன். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கர அமைப்பில் பணியாற்றியவர். 1965இல் குடைபோல் மடங்கும் அலுமினிய வண்டியை வடிவமைத்தார். எடை 3 கிலோகூட இல்லை.

ஆனால் அப்படி உட்கார வைக்கும் வண்டி பச்சிளம் குழந்தைக்கு ஆகவே ஆகாது. தலை நின்று, உட்காரப் பழக ஏறக்குறைய 6 மாதமாகும். அதுவரை முதுகுப்பகுதி முழுக்கச் சாய்ந்து படுக்கையாகிற வண்டிதான் தேவை. தோள், இடுப்பு, கால் நடுவே பிடிக்கும் ஐந்து முனை பெல்ட்டும் அவசியம்.

பெயர்ந்த நடைபாதைக் கல்லில் சின்னச் சக்கரம் சிக்கிக்கொள்ளும்; பெரிய சக்கரமே நல்லது.

கைப்பிடியில் காய்கறிப் பையை மாட்டாதீர்கள். பிள்ளையைத் தூக்கிய நொடியில் வண்டி மல்லாந்துவிடும். வெயிலுக்கென்று துணியால் மூடவும் வேண்டாம், உள்ளே சூடு ஏறும்.