285-க்குப் பதில் 305 போடலாமா?

(இந்த வாரம் டயர் கேள்விகள் மட்டும். வந்த கடிதங்களில் பாதி, சுங்குவார்சத்திரத்துக்கும் சிங்கப்பெருமாள்கோவிலுக்கும் இடைப்பட்ட ஊர்க்காரர்கள் எழுதியவை.)

என் மாமா பழைய நிசான் ஜிடி-ஆர் ஒன்று வாங்கியிருக்கிறார். பின் டயர் இரண்டும் மொட்டை. ஒரகடத்திலேயே நிசான் கார் செய்யும் தொழிற்சாலை இருக்கும்போது டயருக்கு ஏன் ஊர் ஊராக அலைய வேண்டும்?
— ஒரகடம் வாசகர்

ஒரகடத்து ஆலை 2010-ல் மைக்ராவோடு தொடங்கியது, பிறகு அங்கே மேக்னைட் வந்தது. ஜிடி-ஆர் பிறந்தது ஜப்பானின் தோச்சிகியில். 2016 டிசம்பரில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோதும் முழு வண்டியாகத்தான் இறக்குமதியானது. டெல்லி ஷோரூம் விலை 1.99 கோடி. 2025 ஆகஸ்டில் அந்த மாடலுக்கே தோச்சிகியில் மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள். மாமா ஒரகடம் கேட்டில் போய் நின்றால், மிஞ்சிப்போனால் மேக்னைட்டின் 195/60 ஆர்16 டயரைக் காட்டுவார்கள். ஜிடி-ஆரின் முன் பிரேக் டிஸ்க் மட்டுமே 390 மில்லிமீட்டர். 16 அங்குல ரிம்மின் விட்டம் 406. காலிபர் எங்கே உட்காரும், மாமாவின் மடியிலா?

டயர் பக்கவாட்டில் இருக்கும் எண்களைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. சுருக்கமாகச் சொல்ல முடியுமா?
— படப்பை வாசகி

முடியும். 195/55 ஆர்16 என்றால் டயரின் அகலம் 195 மில்லிமீட்டர், சைட்வாலின் உயரம் அந்த அகலத்தில் 55 சதவீதம், ரேடியல் டயர், ரிம் 16 அங்குலம். இவ்வளவையும் கடைப்பையனே சொல்லிவிடுவான். அவன் சொல்லாமல் விடுவது அதற்குப் பக்கத்தில் சின்னதாக இருக்கும் இன்னோர் எண்ணை. 87 என்றிருந்தால் அந்த டயர் 545 கிலோ தாங்கும், 84 என்றால் 500 கிலோதான். அதை ஒட்டிய எழுத்து வேகத்துக்கானது: எச் 210, வி 240, டபிள்யூ 270, ஒய் 300 கிலோமீட்டர்.

ஒய் எழுத்து டயர் வாங்கினால் 300-ல் போகலாமா?
— மாம்பாக்கம் வாசகர்

டயர் போகும். நீங்கள் ஸ்ரீபெரும்புதூர் டோல்கேட் வரை போவீர்கள்.

(மறுபடியும் அதே ஒரகடம் வாசகர்.) மாமாவுக்கு டயர் கிடைக்கும் போலிருக்கிறது. ஆனால் பின்னால் 285-க்குப் பதில் 305 போட வேண்டும் என்கிறார். அகலமாக இருந்தால் ரோட்டில் ஒட்டிக்கொண்டு போகுமாமே?

ஒட்டும். ஆனால் எதோடு ஒட்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

ஜிடி-ஆரின் கம்பெனி சைஸ் முன்னால் 255/40, பின்னால் 285/35, இரண்டும் 20 அங்குலம். முன் டயரின் மொத்த உயரம் 712 மில்லிமீட்டர், பின் டயர் 707.5. வித்தியாசம் நாலரை மில்லிமீட்டர்தான். அகலத்தில் முன்னும் பின்னும் அண்ணன் தம்பி மாதிரி தெரிந்தாலும், உயரத்தில் ஏறக்குறைய இரட்டையர்.

அப்படி வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. ஜிடி-ஆர் நான்கு சக்கரங்களுக்கும் இழுவை போகும் வண்டி. சாதாரணமாகப் பின் சக்கரத்துக்குப் போகும் சக்தியை, பிடிமானம் குறையும்போது பாதிவரை முன்னால் திருப்பிவிடும் கிளட்ச் ஒன்று உள்ளே இருக்கிறது. எந்தச் சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதை வைத்துத்தான் அது முடிவெடுக்கிறது. இப்போது மாமா ஆசைப்பட்டபடி பின்னால் மட்டும் 305/30 போட்டால் உயரம் 691-க்கு இறங்கிவிடும். முன்னால் அதே 712. கிட்டத்தட்ட 3 சதவீத இடைவெளி. வறண்ட சாலையில் நேராகப் போகும்போதே பின் சக்கரம் வழுக்குவதாக வண்டி நினைத்துக்கொள்ளும். கிளட்ச் வேலையே இல்லாமல் உழைத்துச் சூடாகும். 305/35 போட்டாலும் தப்பவில்லை: பின்னால் 721.5 ஆகி, முன்னைவிடப் பின் உயரமாகிவிடும்.

அகலம் வேண்டும் என்று மாமா ஒற்றைக்காலில் நின்றால் நான்கையும் சேர்த்து மாற்ற வேண்டும். முன்னால் 265/35 போட்டால் உயரம் 693.5, பின்னால் 305/30-க்கு 691. இடைவெளி இரண்டரை மில்லிமீட்டர்தான், வண்டி சண்டை போடாது. இதற்குள்ளும் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, கம்பெனிப் பின் ரிம்மின் அகலம் பத்தரை அங்குலம். 305/30 டயர் ஏற்கும் ரிம்களில் அதுதான் கடைசிப்படி. அதற்குக் கீழே போனால் டயர் வயிறு தள்ளி உட்காரும். இரண்டு, நான்கு டயரும் உயரம் குறைந்ததால் ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது மாமா உண்மையில் 97 சொச்சத்தில்தான் போய்க்கொண்டிருப்பார். இதை அவரிடம் சொல்ல வேண்டாம், மனம் ஒடிந்துவிடும்.

என் தீர்ப்பு: கம்பெனி சைஸே போதும். கதவைத் திறந்தால் டிரைவர் பக்கத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அந்த சைஸும் காற்றழுத்தமும் இருக்கும். 97 ஒய் முன்னால், 100 ஒய் பின்னால். அந்த எண்ணுக்குக் கீழே எந்தக் காரணத்துக்காகவும் இறங்காதீர்கள்.

எங்கள் ஊரைச் சுற்றி அப்போலோ, ஜேகே, சியட் என்று வரிசையாக டயர் ஆலைகள். ஆனால் ஸ்போர்ட்ஸ் காருக்கு டயர் கேட்டால் கடைக்காரர் "புக் பண்ணுங்க, பார்க்கலாம்" என்கிறார். இது என்ன கொடுமை?
— மதுரமங்கலம் வாசகர்

கொடுமை இல்லை, கணக்கு. ஒரே அச்சில் லட்சக்கணக்கில் வார்த்தால்தான் ஆலைக்குக் கட்டுப்படியாகும். இந்தியா முழுக்கத் தேடினாலும் விரல் விட்டு எண்ணக்கூடிய ஜிடி-ஆர்களுக்காக ஒரு அச்சு வெட்டி யார் வைப்பார்கள்? அப்படிப்பட்ட சைஸ் வெளியிலிருந்துதான் வரவேண்டும். அங்கேதான் முடிச்சு. 2020 ஜூனில் மத்திய அரசு புது டயர் இறக்குமதியைக் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் போட்டது. அதற்குமுன் யார் வேண்டுமானாலும் இறக்கலாம், அதற்குப்பின் உரிமம் வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். உள்ளூர் ஆலைகளைக் காக்க வந்த விதி அது. காப்பாற்றியும் இருக்கிறது. அகப்பட்டுக்கொண்டவர்களில் ஒருவர் உங்கள் பக்கத்து ஊர் ஜிடி-ஆர் மாமா.

நிலைமை மாறாமலும் இல்லை. அப்போலோ 2009-ல் வாங்கிய நெதர்லாந்துக் கம்பெனி விரெடெஸ்டைன். அந்தப் பெயரில் 2021-லிருந்து இந்தியாவிலேயே உயர்ரக டயர் விற்கிறார்கள். ஜெர்மன் செடான்காரர்களுக்கு இதில் வழி பிறந்துவிட்டது. இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார்காரர்கள் இன்னும் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். வண்டி வாங்குவதற்கு முன்பே டயர் கிடைக்குமா என்று விசாரிப்பது உத்தமம்.

என்னுடையது இருங்காட்டுக்கோட்டையில் செய்த ஐ20 என் லைன். 195/55 ஆர்16 ஓடுகிறது. 17 அங்குல அலாய் போட்டு கெத்தாகப் போகலாமா?
— வல்லம் வாசகர்

போகலாம். 205/45 ஆர்17 போட்டால் உயரம் 621-லிருந்து 616 ஆகும், ஸ்பீடோமீட்டர் கண்டுகொள்ளாது. ஆனால் 205/45 சாதாரண வகையில் 84 என்றிருக்கும். உங்கள் பழைய டயர் 87. டயருக்கு 45 கிலோ குறைகிறது; நான்கு பேர், டிக்கியில் திருப்பதி லட்டு என்று கிளம்பினால் இது தெரியும். எக்ஸ்எல் என்று போட்டிருக்கும் 88 வகையைக் கேட்டு வாங்குங்கள், அது 560 கிலோ தாங்கும்.

அடுத்தது சைட்வால். 107 மில்லிமீட்டராக இருந்தது 92 ஆகிறது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்கள் ஓரம் கட்டிக் கிடக்கும் இடங்களைக் கவனித்திருப்பீர்கள். தார் அலையலையாக எழும்பி, ஓரத்தில் கூரான விளிம்போடு உடைந்திருக்கும். ராத்திரி மழையில் அந்த விளிம்பில் ஏறினால், மெல்லிய சைட்வால் ரிம்முக்கும் தாருக்கும் நடுவில் நசுங்கி உள்நூல் அறும். மறுநாள் காலை டயரின் பக்கத்தில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு உப்பல். அதற்குப் பஞ்சர் கடையில் மருந்து கிடையாது, டயரைக் கழற்றி எறிய வேண்டியதுதான். கெத்துக்கு விலை அது. நானாக இருந்தால் 16 அங்குலத்திலேயே நல்ல ரப்பராகப் பார்த்துப் போடுவேன்.

இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ரேஸ் கார்கள் பட்டனே இல்லாத டயரில் பறக்கின்றன. நாம் மொட்டை டயரில் போனால் மட்டும் போலீஸ் பிடிக்கிறதே?
— தண்டலம் வாசகர்

இரண்டும் ஒன்று என்று நினைப்பவர்களைத்தான் பிடிக்கிறார்கள். 1990-ல் திறந்த அந்த 3.7 கிலோமீட்டர் டிராக்கில் ஓடும் ஸ்லிக் டயர், சூடேறினால் பசையாகும் மெத்தென்ற ரப்பர். உங்களுடையது தேய்ந்து கெட்டிப்பட்ட அடிரப்பர். டிராக்கிலும் மழை வந்தால் ஸ்லிக்கைக் கழற்றிவிட்டு வரிப்பள்ளம் வைத்த டயரை மாட்டிக்கொள்வார்கள். தண்ணீர் வெளியேற வழி வேண்டுமே. காருக்குச் சட்டம் சொல்லும் பட்டன் ஆழம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர். 2025 ஜனவரியில் அஜித் அணி துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததைப் பார்த்து உற்சாகம் வந்திருந்தால், டிராக்கில் பணம் கட்டி ஓட்டுங்கள். தண்டலம் சிக்னல் அதற்கான இடமில்லை.

பாதி விலைக்கு "வெளிநாட்டு டயர், புதுசு மாதிரி" என்று ஒருவர் தருகிறார். வாங்கலாமா?
— சுங்குவார்சத்திரம் வாசகர்

சைட்வாலில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2317 என்றிருந்தால் 2017-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் புதுசாக இருந்தாலும் ரப்பருக்கு வயதாகிவிட்டது, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாது. அத்தோடு புது டயருக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. புதுசாகவே வாங்குங்கள், பில்லோடு.